சித்தப்பாவுக்கு வந்த போன்

பொங்கலுக்குத் திட்டக்குடி போயிருந்தேன் மக்களே. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ரசத்துக்கு வரும்போது சித்தப்பாவுக்கு ஒரு போன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல சூளை பார்த்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாச்சு. பேசினது முதலாளி மகன்.

"மாஸ்டர், பொம்மை எல்லாம் விரிசல் விடுது."

"ஒரு பக்கமாவா, சுத்தியுமா?"

"ஒரு பக்கமாத்தான் மாஸ்டர்."

"பலகையை வாசல் பக்கம் போட்டிருக்கியா தம்பி? காத்து படுற பக்கம் மட்டும் சீக்கிரம் காஞ்சு இழுக்கும். உள்ளே தள்ளு, சாக்கு போட்டு மூடு, ரெண்டு நாள் சேர்த்துக் காய வை."

அவ்ளோதான். ரசத்துக்குத் திரும்பிட்டார்.

நமக்குச் சோறு போடுற வேலையே நாலெட்ஜ் மேனேஜ்மென்ட். ஊழியர் தலைக்குள்ள இருக்கிறதை வெளிய எடுத்து, கம்பெனிக்குப் பயன்படுற மாதிரி வைக்கணும். சென்னையில ஏசி ரூமில் உட்கார்ந்து நாங்க ஸ்லைடு போட்டுப் பேசுறதை, மனுஷன் எச்சில் கையோட முடிச்சுட்டார் :-)

இந்தத் துறைக்கு இப்போ மவுசு. ஐஎஸ்ஓ 9001 தரச்சான்றின் 2015 பதிப்பிலேயே, நிறுவனத்துக்குத் தேவையான அறிவு என்னன்னு கண்டுபிடிச்சுக் காப்பாத்தணும்னு தனிப் பிரிவு சேர்த்தாங்க. 2018-ல் இதுக்குன்னே ஐஎஸ்ஓ 30401 வந்தது. இப்போ எங்க பார்த்தாலும் ஒரே பேச்சு: பழைய கோப்புகளை எல்லாம் ஏஐ-க்குள்ள கொட்டு, யாரு கேட்டாலும் அது பதில் சொல்லும். எங்க ஆபீஸிலும் கொட்டினோம். போன வருஷம் ஒரு ராத்திரி சர்வர் படுத்தப்போ, எப்பவோ கைவிட்ட பழைய வழிமுறையை அது ரொம்ப நம்பிக்கையா எடுத்துக் கொடுத்தது. அதை நம்பிச் செஞ்சு, விடியற வரைக்கும் முழிச்சிருந்தோம். அது மாறிப்போச்சுன்னு தெரிஞ்ச ஒரே அக்கா மூணு மாசம் முன்னாடி வேலையை விட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு நாங்க கொடுத்த ஹேண்டோவர் நேரம் மூணு நாள். அந்த மூணு நாளும் அவங்க எக்செல் ஷீட்தான் நிரப்பினாங்க.

கோப்பு சேர்க்கிறதை மட்டும் குறிவச்சா என்னாகும்னு இன்ஃபோசிஸ் ரொம்ப முன்னாடியே பார்த்தாச்சு. 2000-களின் தொடக்கத்தில் 'கே-ஷாப்'னு ஒரு உள்தளம் வச்சு, கட்டுரை போடுறவங்களுக்குப் புள்ளி கொடுத்தாங்க. புள்ளியைப் பரிசா மாத்திக்கலாம். விடுவாங்களா நம்ம ஆளுங்க? வந்து குவிஞ்சது, தரம்தான் இறங்கிடுச்சு. அப்புறம் பரிசைக் குறைச்சு, படிக்கிறவங்க கொடுக்கிற மதிப்பீட்டுக்கு எடை கூட்டினாங்க. ரகு கருட், அருண் குமாரசாமி ரெண்டு பேரும் 2005-ல் இதை விரிவா ஆய்வுக் கட்டுரையாவே எழுதியிருக்காங்க. ஏஐ கருவி வாங்குற மேனேஜர்கள் முதல்ல அதைப் படிக்கலாம்.

நிற்க. சாயங்காலம் சித்தப்பாகிட்ட கேட்டேன், "இதையெல்லாம் அங்க யாருக்கும் சொல்லிக் குடுக்கலையா?"

கொஞ்ச நேரம் பேசலை. "ஆரம்பத்துல பயம்டா. சொல்லிக் குடுத்துட்டா நாளைக்கு நம்மளை எதுக்கு வச்சிருப்பான்? அப்புறம் பயம் போச்சு, ஆனா யாரும் வந்து நிக்கலை."

எங்க ஸ்லைடில் இல்லாத விஷயம் இது. சூளை ஓட்டையில் எட்டிப் பார்த்து, நெருப்போட நிறத்தை வச்சே சூடு ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தொட்டுதான்னு சொல்ற கண்ணு, நெய்வேலி மண்ணு லோடுக்கு லோடு மாறுறதை விரல்ல உருட்டியே கண்டுபிடிக்கிற கை - இதுதான் அவரோட சொத்து. அதுக்குத்தான் கூலி. அதை 'பகிர்தல்'னு அழகா பேர் வச்சு இலவசமா கேட்டா எவன் கொடுப்பான்? இப்பவும் போன்ல வாங்குற ஆலோசனைக்கு ஒரு பைசா கிடையாது. விருத்தாசலத்தில் செராமிக் படிக்கவே அரசு பாலிடெக்னிக் இருக்கு. அங்க படிச்ச பையன் ஒருத்தன் ஒரு வருஷம் இவர் பக்கத்துல நின்னிருந்தா அந்தப் போனே வந்திருக்காது.

ஜப்பான்ல மட்சுஷிதா கம்பெனி 1980-களில் வீட்டு ரொட்டி மெஷின் செஞ்சப்போ மாவு சரியா பிசையலைன்னு, தன் இன்ஜினியர் ஒரு பெண்ணை ஓட்டல் ரொட்டி மாஸ்டர்கிட்டயே தொழில் கத்துக்க அனுப்பிச்சது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. நம்ம பட்ஜெட்டில் மென்பொருளுக்கு வரி இருக்கு, பக்கத்துல நிக்கிறவனோட நேரத்துக்கும் சொல்லிக் குடுக்கிறவர் கூலிக்கும் வரி இல்லை. ரிடையர் ஆகப்போறவருக்குக் கடைசி ஆறு மாசம் வேற வேலையே கொடுக்காதீங்கன்னு ஆபீஸ் மீட்டிங்கில் சொன்னேன். சிரிச்சாங்க.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த முதலாளி மகனுக்கு நானே போன் போட்டேன். மாசம் ரெண்டு நாள் வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போங்க, நாள் கூலி பேசுங்க, கூட ஒரு பையனை நிறுத்துங்கன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னும் சொல்லலை. நேத்து சித்தி பேசினப்போ, அந்தப் பட்டறையிலிருந்து மறுபடி போன் வந்ததாம். இந்த வாட்டி மெருகு கொப்புளிக்குதாம்.

உங்க ஆபீஸ் கதையையும் பின்னூட்டத்தில் எழுதுங்க, கேட்போம்.