பட்டணத்து வாணவேடிக்கையும் உள்குத்தகைக் கணக்கும்

2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. அதற்கு முதல் நாள் சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்களெல்லாம் நிரம்பி வழிந்தன. நாமோ நெய்வேலியிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாக ஊருக்குப் போக முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்டக்டர் நம்மைப் பார்த்து, "ஊரே வெளியே போவுது, நீங்க உள்ளே வர்றீங்களே!" என்று சிரித்தார். வாணவேடிக்கை பார்க்க வந்தோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை. நம்முடன் வந்த சுரங்கத் தோழரின் மகள், பட்டணத்துத் தீபாவளியைப் பார்த்தே தீரவேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரம்பூரில் தோழரின் பெரியப்பா வீட்டில் தங்கினோம். பெரியவர் பி. அண்டு சி. மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். 1996ல் மில் மூடப்பட்டபோது நடுவயதில் தெருவுக்கு வந்தவர். வாடகைக்கு இருப்பவர்தான் என்றாலும், மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஊரில் பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னது வாஸ்தவமோ என்னவோ, அன்று மாலை புரசைவாக்கம் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. மிச்சமிருந்த பாதியே இவ்வளவு என்றால் முழுப் பட்டணம் எப்படியிருக்கும் என்று சிறுமி வியந்தாள்.

இரவு ஏழு மணி. மேற்கே அண்ணாநகர், தெற்கே கீழ்ப்பாக்கம் என்று திக்குத் திக்காக வானம் பூத்தது. ஒரு பெட்டியில் நூற்றிருபது, இருநூற்று நாற்பது என்று அடுக்கி வைத்த ஷாட்டுகள் நிற்காமல் சீறின. சிவப்பு, வெள்ளை, பொன்நிறம், பச்சை. கீழே சந்தில் பிள்ளைகள் புஸ்வாணமும் சங்கு சக்கரமும் விட்டுக்கொண்டிருந்தார்கள். அழகில்லை என்று யார் சொன்னது? நாமும்தான் வாய் பிளந்து நின்றோம். ஒரு பெரிய பூ வானத்தில் விரிந்து மெல்ல உதிர்ந்தபோது நாமும்தான் கைதட்டினோம். வருஷம் முழுவதும் உழைத்துக் களைத்த மனிதன் ஒரு நாள் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைக் குற்றம் சொல்ல நாம் சாமியார்கள் அல்ல.

"தாத்தா, இதையெல்லாம் யாரு செய்யறாங்க?" என்று சிறுமி கேட்டாள்.

"சிவகாசிப் பக்கம் கண்ணு. உன்னாட்டம் பொண்ணுங்களைப் பெத்த அம்மாங்க செய்யறாங்க" என்றார் பெரியவர்.

நாட்டில் வெடிக்கும் பட்டாசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிவகாசி வட்டாரத்தில் உற்பத்தியாகிறது என்று சொல்கிறார்கள். வெடி உப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் கலந்து மருந்து தயாரிப்பது, அதைக் குழலில் திணிப்பது, திரி செருகுவது, காகிதம் ஒட்டுவது எல்லாம் கைவேலை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், வெள்ளைக்கு அலுமினியம். பெரும்பகுதி வேலைக்கு எண்ணிக்கைக் கூலி. கை எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. நெருப்போடு விளையாடும் வேலையில் வேகத்துக்குக் காசு கொடுத்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. மருந்து புழங்கும் ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. மரத்தடியில் வைத்து வேலை செய்யக் கூடாது. கலந்த மருந்தை மிச்சம் வைத்து மறுநாள் தொடக் கூடாது, ஏனெனில் ஈரம் பட்டு நீர்த்துப்போன மருந்து தானே சூடேறி வெடிக்கும். தீபாவளி நெருங்கி ஆர்டர்கள் குவியும்போது இந்த விதிகள் எல்லாம் காகிதத்தில் படுத்துறங்குகின்றன.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டுச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஓடினார்கள். உள்ளே கிடப்பவர்களைத் தூக்கத்தான் பலர் ஓடினார்கள். அப்போது அடுத்த வெடிப்பு நிகழ்ந்தது. நாற்பது பேரளவில் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். 2025 ஜூலை 1ஆம் தேதி சின்னக்காமன்பட்டியில் எட்டுப் பேருக்குக் குறையாமல்.

ஜூலை 1 என்ற தேதியைக் கேட்டால் நெய்வேலித் தொழிலாளிக்கு நெஞ்சு திடுக்கிடும். 2020ஆம் ஆண்டு அதே ஜூலை 1ஆம் தேதி காலையில்தான் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஆறு பேர் அன்றே மாண்டனர். வெந்த உடம்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மேலும் பலர் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். அதற்கு இரண்டு மாதம்கூட ஆகாத முன்பு, மே 7ஆம் தேதி, அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்து உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அன்றிரவும் பட்டணத்தில் விளக்கு எரிந்தது. யாரும் சுவிட்சைத் தொடும்போது நெய்வேலியை நினைத்திருக்க மாட்டார்கள். மொட்டைமாடியில் நின்ற நாமும் பெரியவர் சொல்லும்வரை சாத்தூரை நினைக்கவில்லையே! பட்டணத்தாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டு ஊரின் நோயும் ஒன்றுதான் என்பதே நமது வாதம். சிவகாசியில் அதற்கு உள்குத்தகை என்று பெயர். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். அறைகளை அவர் பலருக்கு வாடகைக்கு விடுவார். வாடகைக்கு எடுத்தவர் அவசர அவசரமாக ஆள் பிடித்து, மருந்து கொட்டி, சரக்கை எடுத்துப் போட்ட பணத்தைத் தேற்றப் பார்ப்பார். இது சட்டவிரோதம். ஆனாலும் விபத்துக்கு விபத்து இந்தச் செய்தி வெளிவருகிறது. அச்சங்குளத்திலும் இதுவே வந்தது. வெடித்த பிறகு போலீஸ் போர்மேனைப் பிடிக்கிறது. லைசென்ஸ்காரர் "நான் வாடகைக்கு விட்டேன்" என்கிறார். வாடகைக்காரர் "ஆலை என்னுடையதல்ல" என்கிறார். ஆக, லாபத்துக்கு மூன்று எஜமானர்கள், பிணத்துக்கு ஒருவரும் இல்லை!

நம் பக்கத்தில் இதற்குக் காண்ட்ராக்ட் என்று பெயர். இயந்திரம் நிரந்தரம், வேலை நிரந்தரம், சாம்பலும் நிரந்தரம். ஆள் மட்டும் தற்காலிகம்.

இதைச் சொன்னபோது பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார். அது நம் மனத்தைவிட்டுப் போகவில்லை. "எங்க மில்லுல பதிலி ஆளுங்கன்னு இருந்தாங்க. நாலு நாளு வேலை கிடைக்கும், நாலு நாளு கிடைக்காது. ஆனா அவங்க பேரும் ஏட்டுல இருந்துச்சு."

பட்டாசைப் பற்றி இன்று இரண்டு கூட்டத்தார் பேசுகிறார்கள். புகை வருகிறது, அடியோடு மூடிவிடு என்பது ஒரு கூட்டம். புகை வருவது வாஸ்தவம். மறுநாள் காலை பெரம்பூர்ச் சந்தில் மூச்சு விட்டவர்கள் நாம். பேரியம் உப்புக்கு சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரில் தடை போட்டது. 2021லும் அதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். நாம் பத்து மணிக்கு மாடியிலிருந்து இறங்கியபோதும் வானம் அடங்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 2018 இறுதியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது அந்தத் தொழிலாளிகள் எதைச் சாப்பிட்டார்கள் என்று இந்தக் கனவான்கள் கேட்டார்களா? மானாவாரிக் கரிசல் மண். மழை பொய்த்தால் வயல் வேலை இல்லை. அந்த வறட்சிதான் அவர்களைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தள்ளியது.

இன்னொரு கூட்டம் ஆலை முதலாளிகள். சோதனைக்கு அதிகாரி வந்தால் உடனே, "லட்சக்கணக்கான தொழிலாளிகளின் சோற்றில் மண் போடாதே" என்று கண்ணீர் விடுகிறார்கள். அந்தச் சோற்றில் இவ்வளவு அக்கறை இருந்தால், அறையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரின் பெயரை ஏட்டில் எழுதுவதற்கு என்ன தடை? ஈ.எஸ்.ஐ.யில் சேர்ப்பதற்கு என்ன தடை?

ஆகவே, பட்டினியா, தீயா என்று தொழிலாளியை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதை நாம் ஏற்க மாட்டோம். காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவர் பெயரும் ஏட்டில் ஏறவேண்டும். வாசற்பலகையில் லைசென்ஸ்காரர் பெயர் தெரிய வேண்டும். விபத்து நடந்தால் முதல் குற்றவாளி போர்மேன் அல்ல, லைசென்ஸ்காரர். கோர்ட்டோ சர்க்காரோ ஆலையை மூடினால் மூடிய நாட்களுக்குக் கூலி வேண்டும். இதைச் சாத்தூர்த் தொழிலாளி தனியாகக் கேட்டால் அவருக்கு மறுநாள் வேலை இருக்காது. மில்லிலும் சுரங்கத்திலும் சங்கம் கட்டிய நாம் சேர்ந்து கேட்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தீர்மானம் வரட்டும். தீபாவளி முடிந்ததும் மறந்துபோகும் விஷயங்களில் இதையும் சேர்த்துவிடக் கூடாது.

மறுநாள் விடியற்காலையில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளிகள் வந்துவிட்டார்கள். பண்டிகைக்கு மறுநாள் அவர்களுக்குப் பண்டிகை இல்லை. பட்டாசுக் குப்பையை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னே சந்துப் பிள்ளைகள் வெடிக்காத பட்டாசைப் பொறுக்கி, பிரித்து, மருந்தை ஒரு தாளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மேலிருந்து ஒரு சத்தம் போட்டார், பிள்ளைகள் ஓடினார்கள். துப்புரவுத் தொழிலாளியான ஓர் அம்மாள் அந்தத் தாளின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, குழைந்த மருந்தைத் தகரத்தால் வழித்துச் சாக்கில் போட்டார். அவர் கையில் உறை இல்லை.

சிறுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் ஏறும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. விக்கிரவாண்டி தாண்டிய பிறகு, "அந்த அம்மா பேரு எந்த ஏட்டுல இருக்கும்?" என்று கேட்டாள்.