நியூட்ரானுக்குள் ஒரு குவார்க் மாறினால்: தேனி நியூட்ரினோ சர்ச்சைக்கு அடியில் இருக்கும் இயற்பியல்

இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலை இன்னும் குடையப்படவில்லை. இதற்கிடையே, அதே கேள்விக்கு விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ எங்கிருந்து வருது? இதைப் புரிந்துகொள்ள முதலில் புரோட்டானுக்குள் எட்டிப் பார்க்கணும்.

புரோட்டானில் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். அப் குவார்க்கின் மின்னூட்டம் +2/3, டவுன் குவார்க்குக்கு -1/3. கூட்டினால் 1. நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன். கூட்டினால் பூஜ்யம். இதுவரை சரி.

எடையில்தான் கணக்கு இடிக்கும். (இயற்பியல் ஆசிரியர்கள் 'நிறை' என்று திருத்துவார்கள்.) புரோட்டானின் எடை சுமார் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளைத் தனித்தனியாகக் கூட்டினால் 9 கூட முழுசாகத் தேறாது. அப்போ மீதி? குவார்க்குகளின் ஓயாத ஓட்டமும், அவற்றைக் கட்டிவைக்கும் குளுவான்களின் ஆற்றலும்தான் எடையாகத் தெரிகின்றன. நம் உடல் எடையின் பெரும்பகுதியும் இப்படி வந்ததுதான்.

ஆனால் அந்தச் சின்ன 9-க்குள்தான் விஷயமே இருக்கு. டவுன் குவார்க், அப் குவார்க்கைவிடக் கனமானது. அதனால் இரண்டு டவுன் உள்ள நியூட்ரான், புரோட்டானைவிட சுமார் 1.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் அதிகம். வித்தியாசம் 0.14%தான். ஆனாலும் அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான், சராசரியாக 15 நிமிடத்துக்குள் சிதைந்துவிடும். ஒரு டவுன் குவார்க் அப் ஆக மாறும், நியூட்ரான் புரோட்டானாகும், கூடவே ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்-நியூட்ரினோவும் வெளிவரும். புரோட்டான் கனமாக இருந்திருந்தால் சாதாரண ஹைட்ரஜனே நிலைத்திருக்காது. தண்ணீரும் இல்லை, நாமும் இல்லை.

கூடங்குளம் மாதிரி அணு உலைகளில், பிளந்த கருத்துண்டுகளுக்குள் இதே மாற்றம் ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. ஜூனோ, சுமார் 53 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உலைகளிலிருந்து வரும் எதிர்-நியூட்ரினோக்களை 20,000 டன் திரவத்தில் பிடிக்கிறது. அங்கே கதை தலைகீழ்: புரோட்டானில் மோதியதும் அப் குவார்க் டவுன் ஆகிறது. மூன்று வகை நியூட்ரினோக்களின் எடை வரிசை எது என்பதுதான் கேள்வி. பொட்டிபுரம் இதையே வேறு வழியில் தேடவிருந்தது: காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உருவாக்கும் நியூட்ரினோக்களை, சுமார் 50,000 டன் காந்த இரும்பில். இந்தியாவுக்கு இது புதிதல்ல. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் அவை பதிவாகின.

நியூட்ரினோவால் கதிர்வீச்சு ஆபத்து என்ற வாதம் நிற்காது. சூரியனிலிருந்து மட்டுமே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைக் கடந்து போகின்றன. ஆனால் 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன காரணம் வேறு: மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையிலான புலிகளின் வழித்தடம். குவார்க்கைப் படித்தவர்கள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. காட்டைப் படித்தவர்களிடம்தான் கேட்கணும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதில்தான் இந்த விவாதம் பாழானது.

எடை வரிசையை ஓரளவு உறுதியாகச் சொல்ல ஜூனோவுக்குச் சுமார் ஆறு ஆண்டுத் தரவு தேவை.