பொய் சொல்லும் முள்

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. அதற்கப்புறம்தான் அதன்மேல் நமக்குத் திடீர்க் காதல். கல்யாண மாப்பிள்ளைகள் ஏறுகிறார்கள், மாலை போட்டு போட்டோ எடுக்கிறார்கள். டாஷ்போர்டில் செத்துக் கிடக்கும் முட்களை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

முட்களுக்கு உயிர் கொடுக்க இப்போது சுலப வழி, எலெக்ட்ரிக் மீட்டர். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு கூப்பிடு தூரம். "நீல லைட் எரியுதுண்ணே!" என்றால் போதும், வாங்கிவிடுவார்கள்.

மாற்றுவது நல்லதுதான், அழகுக்காக அல்ல. பழைய ரக ஆயில் பிரஷர் மீட்டருக்கு மெல்லிய குழாய் வழியாக இன்ஜினின் சூடான ஆயிலே டாஷ்போர்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். உள்ளே வளைந்த குழாய் ஒன்று, அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். அதுதான் முள்ளைத் தள்ளுகிறது. 1849-ல் போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் பேடன்ட் வாங்கிய சமாசாரம். கெட்டிக்கார ஆள்தான். ஆனால் குழாய் விரிசல் விட்டால் பட்டு வேட்டிக்கு எண்ணெய் அபிஷேகம்! ஆம்பியர் மீட்டர் இன்னும் வில்லங்கம். ஸ்டார்ட்டர் நீங்கலாக, காரின் கரன்ட் ஏறக்குறைய முழுசும் அதன் வழியாகத்தான் போகும். நட்டு லூஸானால் சூடு, அப்புறம் புகை. பதிலுக்கு ஒரு வோல்ட் மீட்டர் போதும். வண்டி நிற்கும்போது 12.6, ஓடும்போது 14 பக்கம் காட்டினால் பாட்டரி சௌக்கியம்.

எலெக்ட்ரிக் மீட்டருக்கு ஆயில் வராது, சேதி மட்டும்தான் வரும். சேதி அனுப்புகிறவரும் படிக்கிறவரும் ஒரே பாஷை பேச வேண்டாமோ?

நாகரசம்பட்டி நண்பர் ஒருவர் கதையைக் கேளுங்கள். பெட்ரோல் மீட்டர் ஐரோப்பிய ரகம்: காலி டேங்குக்கு 10 ஓம், நிறைந்தால் 180. மேஸ்திரி டேங்கில் மாட்டிய ஃப்ளோட் அமெரிக்க ரகம்: காலிக்கு 240, நிறைந்தால் 33. விளைவு? டேங்க் ததும்பினால் முள் படுக்கும். காய்ந்தால் துள்ளி எழுந்து 'ஃபுல்' காட்டும்! முகூர்த்தத்துக்கு முக்கால் மணி இருக்கையில், காவேரிப்பட்டணம் ரோட்டில், முள் 'ஃபுல்'லில் மார்தட்டிக்கொண்டிருக்க, வண்டி நின்றது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக டி.வி.எஸ். 50-ல் மண்டபம் போய்ச் சேர்ந்தார். பெண்ணின் தாய்மாமன் இன்றுவரை நண்பரோடு பேசுவதில்லை.

ஃப்ளோட்டை மாட்டுவதற்கு முன்பு கையால் தூக்கி இறக்கி மல்டிமீட்டரில் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ("அதெல்லாம் செட்டாயிடும் சார்" என்கிற மேஸ்திரியிடம் உஷார்!)

இன்னொன்று. ஒற்றை ஒயர் சென்ஸாருக்கு எர்த், இன்ஜின் உடம்பு வழியாகத்தான் கிடைக்கிறது. மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் எர்த் அறுந்து முள் தூங்கிவிடும். ஆயில் முள் தூங்கினால் இன்ஜின் ஓடும்போதே 'பூஜ்யம்' பார்த்து அலறுவீர்கள், பரவாயில்லை. ஹீட் முள் தூங்கினால்தான் ஆபத்து. தொப்பூர் கணவாயில் ரேடியேட்டர் கொதிக்கும்போதும் மீட்டர் 'குளுகுளு' என்று சொல்லும், நீங்களும் நம்பி ஓட்டுவீர்கள். ஹெட் கேஸ்கெட் போனபிறகு நீல லைட் எரிந்தென்ன, பச்சை லைட் எரிந்தென்ன?

ஹீட் சென்ஸாரையும் மாட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். மீட்டரோடு ஒயர் கொடுத்து, உடம்பை எர்த் செய்து, நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் விடுங்கள். முள் 100 பக்கம் நிற்கவேண்டும். தயவுசெய்து வீட்டுப் பால் பாத்திரத்தை எடுக்காதீர்கள். அடுப்படியில் ஏறும் பிரஷருக்கு ஜே.சி. ரோட்டில்கூட மீட்டர் கிடையாது.