டிராயிங் போர்டிலிருந்து தச்சுப் பட்டறைக்கு...



"டிப்ளமோ முடிச்சிட்டு ஆசாரி வேலைக்கா போகப் போறே?" மரவேலையில் ஆசை என்று வீட்டில் வாய் திறந்தால் வரும் முதல் கேள்வி இதுதான். படித்த படிப்பு வீணாகிவிடுமே என்ற பயம்! அது நியாயமான பயம்தானா?

ஜார்ஜ் நகஷிமாவைப் பாருங்கள். 1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் கட்டடக் கலையில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர். நம் பக்கத்துப் புதுச்சேரிக்கும் 1937-ல் வந்திருக்கிறார்! அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கோண்ட்' விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அதற்கான தேக்குச் சாமான்களுக்கும் வடிவம் தந்தார்.

அமெரிக்கா திரும்பி மரச்சாமான் செய்யத் தொடங்கிய நேரத்தில் யுத்தம் குறுக்கிட்டது. ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டார். அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானியக் கைக்கருவி வேலையைக் கற்றார். எம்.ஐ.டி. பட்டதாரி, முப்பத்தேழு வயதில், ஒரு தச்சருக்குச் சீடன்! 1943-ல் வெளியே வந்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார். 1990-ல் மறையும்வரை மரம்தான் அவர் தொழில்.

படிப்பு வீணாகவில்லை. ஆனால் படிப்பு மட்டும் போதவும் இல்லை. ஏன்? நாம் இரும்பில் படித்த டாலரன்ஸ் வேறு, மரத்தின் கணக்கு வேறு. பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. இது தெரியாமல் ஆணியடித்து இறுக்கினால் பலகை பிளக்கும். எங்கே எவ்வளவு இடம் விடணும் என்பது நல்ல ஆசாரியின் கைக்குத் தெரியும்.

அதற்காக நாளைக்கே வேலையை உதறச் சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கும், தங்கச்சி கல்யாணம் இருக்கும். சம்பளம் வரும்போதே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள். முதலில் உளி தீட்டவும் இழைப்புளி தள்ளவும் பழகுங்கள். 'டிப்ளமோக்காரன்' என்ற நினைப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, டிராயிங் தெரிந்த கையை மட்டும் உள்ளே கொண்டு போங்கள்.

"ஆசாரி வேலைக்கா?" என்ற கேள்வி நம் டிப்ளமோவைக் குறைக்கவில்லை, ஆசாரியைத்தான் குறைக்கிறது. தேக்குக் கட்டில் வேண்டும், அதைச் செய்தவருக்கு மரியாதை வேண்டாமா? இந்தக் கேள்வியை மாற்ற நம்மில் நாலு பேர் உளியைப் பிடித்தால் போதும் நண்பர்களே!