வேலை வாரமா, வசூல் வாரமா?



ஆண்டுதோறும் சாரணர் வேலை வாரம் நெருங்கும்பொழுது எனக்குள் ஒரு சங்கடம் எழுவதுண்டு. அட்டைகள் பள்ளிக்கு வந்து சேரும். அவற்றைக் குருளைச் சாரணர்களுக்குப் பகிர்ந்தளிப்போம். குறித்த நாளில் அட்டை திரும்பிவிடும்; பணமும் வந்துவிடும். வேலை மட்டும் எங்கும் நடந்திராது.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த அட்டைகளுள் ஒன்றில் பத்து வேலைகள் எழுதப்பட்டிருந்தன. கார் கழுவியது, பூச்செடிக்கு நீர் ஊற்றியது, காலணிகளை அடுக்கியது எனப் பத்தும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில். ஐந்து வெள்ளி வீதம் ஐம்பது வெள்ளி. "யாருடைய காரைக் கழுவினாய், ஐயா?" என்று கேட்டேன். சற்றே விழித்தவன், "அப்பா எழுதிக் கொடுத்தாங்க டீச்சர்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அந்தப் பொய்யைப் பெரியவர்களாகிய நாம் எழுதிக் கொடுத்து, அவன் கையால் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்தல் நலம். பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கினர். அந்தச் சமநிலைதான் இவ்வியக்கத்தின் அடித்தளம். பின்னர் 1949இல் பிரிட்டனில் 'ஒரு வேலைக்கு ஒரு ஷில்லிங்' என்ற திட்டம் தொடங்கியது. சாரணன் அக்கம்பக்கத்தில் ஏதேனும் ஒரு வேலை செய்து, பெற்ற கூலியை இயக்கத்திற்கு அளிப்பான். கையேந்தி நன்கொடை கேட்காமல் உழைத்து ஈட்டவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. நம் நாட்டுக்கும் அது வந்தது. உழைப்பைக் கழற்றிவிட்டு ஷில்லிங்கை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

பெற்றோரை மட்டும் குறைகூறுவது முறையாகாது. 'ஒரு பிள்ளைக்குக் குறைந்தது இவ்வளவு' என்று வாய்மொழியாகச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இருந்தது. அதிகம் திரட்டியவர்களைச் சபைகூடலில் மேடையேற்றிக் கைதட்டச் செய்யும் வழக்கமும் இருந்தது. நானே அவ்வாறு செய்திருக்கிறேன். ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வெள்ளி எண்பது காசு கொண்டுவந்தாள். வாங்கிப் பதிவு செய்துகொண்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. மேடையில் ஐம்பது வெள்ளிக்காரர்கள் நின்றபோது அவள் வரிசையின் பின்னால் நின்று கைதட்டினாள். தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த நாளில்தான் அவள் தாயார் பேச்சுவாக்கில் சொன்னார்: அத்தையின் அப்பக் கடையில் நான்கு மாலை தேங்காய் துருவிக் கொடுத்துப் பெற்ற காசாம் அது. அன்று எனக்கு முகம் சிவந்துபோனது. பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் மணிக்காயு பயிற்சிக்குச் சென்று, மழையில் நனைந்து கூடாரம் அடித்துக் கற்றதெல்லாம் எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"பிள்ளையை அறியாதவர் வீட்டுக் கதவைத் தட்ட அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. காலம் மாறிவிட்டது. இத்திட்டம் பிறந்த பிரிட்டனிலேயே பாதுகாப்புக் கருதி 1990களில் அதைக் கைவிட்டார்கள். தாமானில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. ஆனால், அறியாதவர் வீடு எதற்கு? தாத்தா பாட்டியின் வீடு இருக்கிறது, சிற்றுண்டிச்சாலை இருக்கிறது, கோயில் மடைப்பள்ளியில் கழுவ வேண்டிய பாத்திரங்கள் மலையாகக் கிடக்கின்றன. தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் இருவர் இருவராகப் போய், ஒரு மணி நேரம் அரிசிப் பைகளை அடுக்கிக் கொடுக்கலாம். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு இது இன்னும் எளிது. அங்கே ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும்.

இன்னொரு சாக்கும் உண்டு: நேரமில்லை, படிப்பு கெடும் என்பது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சாக்கு மட்டும் நீங்கவில்லை, அது டியூஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே பெற்றோர்தாம் புறப்பாட நடவடிக்கைப் புள்ளிகளைப் பற்றிக் கவலையோடு வந்து கேட்கிறார்கள். 'செடியா' என்றதும் விறைத்து நிற்பதும், கழுத்துத் துண்டைச் சுருட்டிக் கட்டுவதும், கெரிஸ் எமாஸ் விருதுக்குச் சின்னம் சேர்ப்பதும் புள்ளிகளைத் தரலாம். ஆனால், ஒரு பானையைத் தானாகக் கழுவிக் கவிழ்த்துவைக்கத் தெரியாத பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சின்னங்களைத் தைத்துக் கொடுப்பதும் அம்மாதான். முகாமில் சோற்றுத் தட்டைக் கழுவச் சொன்னால், "எங்க வீட்டுல அம்மாதான் கழுவுவாங்க" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளை ஒவ்வோராண்டும் பார்க்கிறேன்.

ஆகவே, இவ்வாண்டு எங்கள் குழுவில் சில மாற்றங்களைச் செய்ய எண்ணியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். குறைந்தபட்சத் தொகை என்ற பேச்சே கிடையாது. மூன்று வேலை செய்தாலும் போதும். ஆனால் அவற்றைப் பிள்ளையே செய்து, பிள்ளையே தன் கையால் எழுதவேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். கூலி இருபது காசாக இருந்தாலும் வேலை வாங்கியவரே கையொப்பமிட வேண்டும். சபைகூடலில் தொகை வாசிக்கப்படாது. விரும்பும் பிள்ளைகள் தாம் செய்த வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம்.

தொகை குறையும் என்று சக ஆசிரியர் ஒருவர் எச்சரித்தார். குறையும்தான். முகாமுக்குப் பற்றாக்குறை வந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் நேரடியாகவே நன்கொடை கேட்போம். அதை நன்கொடை என்றே ரசீதில் எழுதுவோம். ஐம்பது வெள்ளி தர விரும்பும் தந்தையர் அங்கே தாராளமாகத் தரலாம். அட்டையையும் பேனாவையும் மட்டும் தயவுசெய்து பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். காரைக் கழுவும்போது சோப்பு நுரை சரியாகப் போகாமல் திட்டுத் திட்டாக இருந்தால், மறுபடியும் கழுவச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளி கொடுங்கள்.