ஆலை வந்தது, வாழ்வு வந்ததா?

சிற்றூர் ஒன்றுக்குத் தொழிற்சாலை வருகிறது என்றதும் என்ன நடக்கிறது? பந்தல் எழுகிறது. அடிக்கல் நாட்டப்படுகிறது. இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று மேடையிலே கணக்குப் படிக்கப்படுகிறது. கூட்டம் கைதட்டுகிறது. நாமும் தட்டுகிறோம்! தொழில் வளர வேண்டாம் என்போர் அல்லர் நாம். வேலையற்ற வாலிபன் வீட்டிலே அடுப்பு எப்படி எரிகிறது என்பதை அறிந்தவர்கள். ஆயினும், கைதட்டி முடித்ததும் ஒன்று கேட்கிறோம்: வந்த வாழ்வு யாருக்கு, எத்தனை நாளைக்கு?

திருப்பெரும்புதூரைப் பாருங்கள், தோழர்களே! ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த ஊர். இராமானுசர் பிறந்த ஊர். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருண்டு வெளிவந்தன. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை ஓடத் தொடங்கியது. தொடர்ந்து பல ஆலைகள் அணிவகுத்தன.

நன்மை இல்லையா? உண்டு; மறைக்கமாட்டோம். பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சென்றனர். தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் கையில் சம்பளம், தம்பியின் படிப்புக்குத் தன் பணம்! இதைச் சிறிதென்று சொல்பவன் ஏழை வீட்டை அறியாதவன்.

அடுத்த பக்கத்தையும் புரட்டுவோம். நோக்கியா ஆலையிலே நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் பணிபுரிந்தனர். வருமான வரி வழக்கு வந்தது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வழக்கிலே சிக்கிய இந்த ஆலை மட்டும் பேரத்துக்கு வெளியே நின்றது. பின்னர் மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வேலையும் நின்றது. 2014 நவம்பர் முதல் நாளோடு உற்பத்தி ஓய்ந்தது. பேரம் பேசியவர்கள் கடல் கடந்த நாட்டிலே. பிழைப்பை இழந்தவர்கள் திருப்பெரும்புதூரிலே! ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஆலையைக் கொண்டுவர ஒப்பந்தம் உண்டு, நிலம் உண்டு, சலுகை உண்டு. ஆலை போகும் நாளில் தொழிலாளிக்கு என்ன உண்டு?

உள்ளே இருப்பவன் நிலை என்ன? ஒரே பட்டறை, ஒரே சுற்றுவேலை, ஒரே எந்திரம். ஒருவன் நிரந்தரத் தொழிலாளி. பக்கத்தில் நிற்பவன் ஒப்பந்தத் தொழிலாளி. வியர்வை ஒன்று, கூலி இரண்டு! "நீ எங்கள் ஆள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள்" என்று கூறிவிட்டால் கம்பெனியின் பொறுப்புத் தீர்ந்துவிடுகிறதாம். ஓயாது நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1970-இலேயே வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் ஒப்பந்த வரிசை குறையவில்லை, நீண்டிருக்கிறது.

2021 டிசம்பரில் என்ன கண்டோம்? ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். தோழியர் சாலைக்கு வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். விடுதியும் உணவுக்கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. உலகம் வியக்கும் கைப்பேசியைச் செய்யும் கைக்கு, ஒருவேளை நல்ல சோறு கிடைக்கச் சாலை மறியல் தேவைப்பட்டது!

இன்னொன்று. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் வாடியாவும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய காலம் அது. 106 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆலைக்கு வெளியே அமர்ந்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது என்ன? எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதே! 37 நாள் போராட்டம். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். பாட்டன் பெற்ற உரிமையைப் பேரன் மீண்டும் போராடிப் பெற வேண்டியிருந்தது.

ஆகவே, ஆலை நன்மையா தீமையா என்ற வாதம் நமக்கு வேண்டாம். ஆலை எந்திரம்; அது தானாக வாழ்வு தராது. வாழ்வு தருவது அதன் வாயிலிலே எழுதப்படும் நிபந்தனை. அடிக்கல் நாட்டும் மேடையிலேயே கேட்போம்: சொன்ன எண்ணிக்கையில் நிரந்தர வேலை எத்தனை? நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? சங்கம் வைத்தால் பேசுவீர்களா, வெளியேற்றுவீர்களா? ஆலை மூடும் நாளுக்கென்று தொழிலாளர் பெயரில் ஒதுக்கிவைக்கும் நிதி எவ்வளவு?

இந்த நான்குக்கும் எழுத்திலே விடை வரட்டும். ஊர் மன்றத்திலே அதைப் படித்துக் காட்டட்டும். அன்று நாம் தட்டும் கையொலி முதலாளியின் மாளிகை வரை கேட்கும். விடை வராவிட்டால்? தட்டும் கை நம்முடையது. அதை மடக்கி உயர்த்தவும் நமக்குத் தெரியும்!