வாயிற்படி தாழட்டும்!

தோழரே! கல்வராயன் மலை 1976 வரை சாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்தது. அவர்தம் வாயிலில் கைகட்டி நின்ற மக்களுக்கு, இன்று வெள்ளிமலையே வட்டத் தலைநகர்!

சென்னைச் சேப்பாக்கத்தைப் பாருங்கள். ஆர்க்காட்டு நவாபின் கலச மகால் 2012-இல் தீக்கிரையாயிற்று. இடித்துத் தள்ளினார்களா? இல்லை, செப்பனிட்டார்கள்! நவாபின் மாளிகையில் பசுமைத் தீர்ப்பாயம் அமர்ந்தது.

மலையிலும் பழைய மாளிகை எதுவாயினும் இடிக்க வேண்டா, அலுவலகமாக்குவோம், மன்றமாக்குவோம். ஆனால், ஊன்றுகோல் ஏந்திய மூதாட்டியும் சக்கர நாற்காலி இளைஞனும் படிக்குக் கீழே நின்றால், மாறியது பெயர்ப்பலகை மட்டுமே! பழமை கெடும் என்பர் சிலர். படியருகே ஒரு சாய்தளம் சுவரையா பெயர்த்துவிடும்? தடையற்ற வாயில், மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. எவரும் இடும் பிச்சையன்று. ஆளவந்தார் ஏறிய படியை, ஆளப்பட்டோர் அனைவரும் கடக்கும் நாளே விடுதலை நாள்!